டிராக்டரில் கருவி பூட்டும் முறை

ஏரில் மாடு பூட்டுவதைச் சிறுவர்கள் பார்த்தே கற்றுக்கொள்கின்றனர். பழகிய மாடு தானாகவே இரண்டடி நகர்ந்து நுகத்தின்கீழ்க் கழுத்தைக் கொடுக்கும். டிராக்டர் அவ்வாறு ஒத்துழைப்பதில்லை. இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள ஒன்பது கொத்துக் கலப்பை தரையில் அசையாது கிடக்க, டிராக்டரைப் பின்னோக்கிச் செலுத்தி, மூன்று இணைப்புகளையும் அவற்றிற்குரிய இடத்தில் பொருத்துதல் வேண்டும். சில நாட்களிலேயே நேராக உழக் கற்றுக்கொள்ளும் இளைஞரும் இவ்வேலையில் தடுமாறுவர். தடுமாற்றத்தால் வீணாகும் காலம் பெரிதன்று. விரலும் பாதமும் நசுங்குவதே அஞ்சத்தக்கது.

டிராக்டர் ஓட்டவும் பேணவும் பயிற்றுவிப்பதற்காக மத்திய அரசு 1955-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலும், 1963-ஆம் ஆண்டில் இன்றைய ஹரியானாவிலுள்ள ஹிசாரிலும் நிலையங்களைத் தொடங்கிற்று. எனினும் ஓட்டுநர்களுள் மிகப் பலர் பிறரைப் பார்த்துப் பழகியவர்களே. எதை முதலில் பூட்டுவது என்பதை அவர்கள் அறிவர். ஏன் என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. அவ்விடையைக் கூற இயலும் நிலையில் இருப்பவர்கள் களப் பணியாளரும் ஆசிரியருமாவர்.

டிராக்டரின் பின்புறத்தில் கீழே இடமும் வலமுமாக இரண்டு கரங்களும், மேலே நடுவில் ஒரு தண்டும் உள்ளன. ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் கீழ்க்கரங்களை மட்டுமே தூக்குகிறது. மேல் தண்டின் வேலை வேறு. தொடக்க காலத்தில் கலப்பை டிராக்டருக்குப் பின்னால் வெறுமனே இழுத்துச் செல்லப்பட்டது. கொழு பாறையிலோ மரவேரிலோ சிக்கிவிட்டால், முன்னேற இயலாத டிராக்டரின் முன்பக்கம் மேலெழும்பி ஓட்டுநர்மீதே கவிழ்வதுண்டு. அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் (1884–1960) இக்குறையைப் போக்க முற்பட்டார். அவர் 1926-இல் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் முறை, பின்னர் மூன்று இணைப்பு அமைப்புடன் 1936-இல் ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டரிலும், 1939-இல் ஃபோர்டு டிராக்டரிலும் இடம்பெற்றது. மண்ணின் எதிர்ப்பு கலப்பையின் அடியைப் பின்னோக்கி இழுக்கையில் அதன் தலைப்பகுதி முன்னோக்கிச் சாய முயலும். அத்தள்ளலை மேல் தண்டு ஏற்று டிராக்டருக்குக் கொடுப்பதால், முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுவது தடுக்கப்படுகிறது.

பூட்டுமுன் அளவைக் கவனித்தல் நன்று. முதல் வகை இணைப்பில் கீழ் முளையின் குறுக்களவு 22 மில்லிமீட்டர்; மேல் முளையினது 19. இரண்டாம் வகையில் இவை முறையே 28, 25 மில்லிமீட்டராகும். சிறிய முளையைப் பெரிய துளையில் பொருத்த நேர்ந்தால் அதற்கென விற்கப்படும் உறையை இடவேண்டும். கந்தைத் துணியைச் சுற்றிச் செருகும் வழக்கம் இரு நாள் உழவுக்கும் தாங்காது.

இனி வேலைக்கு வருவோம். கருவி சமதரையில் இருத்தல் வேண்டும். பக்கச் சங்கிலிகளைத் தளர்த்திவிட்டால் கீழ்க்கரங்கள் இருபுறமும் ஆடி இடங்கொடுக்கும். டிராக்டரை மிக மெதுவாகப் பின்னோக்கிச் செலுத்திக் கரங்களின் முனைகள் கருவியின் முளைகளுக்கு நேராக வரும்படி நிறுத்துக. சற்று விலகி நின்றால் மீண்டும் முன்சென்று பின்வருவதே முறை. கலப்பையைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவது இடுப்புப் பிடிப்புக்கே வழி. உயரத்தைச் சரிசெய்யப் பொசிஷன் லீவரையே பயன்படுத்துக. டிராப்ட் லீவர் உழவின்போது மண்ணின் எதிர்ப்புக்கேற்பக் கருவியை ஏற்றி இறக்குவதற்குரியது. அது செயற்படும் நிலையில் இருந்தால் என்ஜின் ஓடுகையில் மேல் தண்டின்மீது விழும் சிறு தள்ளலுங்கூடக் கரங்களை எழுப்பக்கூடும்.

பிறகு என்ஜினை நிறுத்தி, கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, பிரேக்கைப் பூட்டிவிட்டு இறங்குக. முதலில் இடக்கரம், அடுத்து வலக்கரம், இறுதியாக மேல் தண்டு. இவ்வரிசை வெறும் வழக்கமன்று. பெரும்பாலான டிராக்டர்களில் இடக்கரத்தைத் தாங்கும் தூக்குத்தண்டு வேலையின் நடுவே நீளம் மாற்றக்கூடியதன்று; வலப்புறத் தூக்குத்தண்டில் மட்டுமே சமன் செய்யும் கைப்பிடி உண்டு. வளைபலகைக் கலப்பையால் உழும்போது வலப்புறச் சக்கரங்கள் சாலுக்குள் ஓடுவதால், அப்பக்கத்தை உயர்த்திக் கலப்பையைச் சமப்படுத்தும் பொருட்டு அமைந்தது அக்கைப்பிடி. பூட்டுவோர்க்கும் அது கைகொடுக்கிறது. மாறாத இடப்பக்கத்தை முதலில் மாட்டிவிட்டால், வலக்கரத்தைக் கைப்பிடியால் ஏற்றியோ இறக்கியோ முளைக்கு நேராகக் கொண்டுவரலாம். எஞ்சியிருப்பது முன்பின் வேறுபாடு; அதனை மேல் தண்டின் நீளத்தைத் திருகி நீட்டியும் குறைத்தும் தீர்த்துக்கொள்ளலாம். வலக்கரத்தை முதலில் மாட்டியவர் இடப்பக்கத்தில் கருவியைத் தூக்கிப் பிடிக்க ஆள் தேடவேண்டிவரும். வகுப்பறையில் ஒரு பலகையும் மூன்று குச்சிகளும் கொண்டு இதனை எளிதிற் காட்டலாம்.

ஒவ்வொரு முளைக்கும் கடையாணி இடுக. பின்னர்ப் பக்கச் சங்கிலிகளை இறுக்குக: கலப்பைக்குச் சிறிது ஆட்டம் வேண்டும், ரோட்டாவேட்டருக்கு வேண்டா.

விபத்துகளைப் பற்றி விரித்துரைத்தல் தகும். இந்நாட்டில் பூட்டும் வேலையைப் பெரும்பாலும் இருவர் செய்கின்றனர். ஒருவர் இருக்கையில், உதவியாள் தரையில். டிராக்டர் பின்வரும்போது உதவியாள் கருவிக்கும் சக்கரத்துக்கும் இடையே நின்று, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கையசைப்பது எங்குங் காணும் காட்சி. கிளட்சிலிருந்து கால் வழுக்கினால் அவர் விலக இடமிராது. அவர் பக்கவாட்டில், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கவேண்டும். என்ஜின் நின்று ஓட்டுநர் இறங்கிய பின்னரே உள்ளே வரவேண்டும். தூக்கிய கருவியின்கீழ்க் கையோ காலோ வைத்தலும் ஆகாது. என்ஜின் நின்றால் கருவி உயராது என்பது உண்மை. ஆனால் இறங்கும், லீவரில் ஒரு குழந்தையின் கை பட்டாலும் அதன் சொந்த எடையே அதனை வீழ்த்திவிடும்.

ரோட்டாவேட்டர் போன்ற கருவிகளுக்கு பி.டி.ஓ. தண்டையும் இணைக்க வேண்டும். ஆறு பற்களுள்ள, 35 மில்லிமீட்டர் குறுக்களவுடைய வழக்கமான தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது நொடிக்கு 9 முறை சுழலும். அதன் சுற்றளவு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். ஆகவே அதில் சிக்கிய துணி நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம் சுற்றப்படும். நான்கு முழ வேட்டி முழுவதும் இரண்டு நொடியில் மறைந்துவிடும். அதற்குள் என்ஜினை நிறுத்த எவராலும் இயலாது. தோளில் தொங்கும் துண்டு, சேலைத் தலைப்பு, துப்பட்டா அனைத்திற்கும் இக்கணக்கே பொருந்தும். தண்டின்மேல் உள்ள பிளாஸ்டிக் உறையைத் தொந்தரவு என்று கழற்றி எறிவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் வேண்டும். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் அமைவதும், உட்தண்டு போதிய அளவு வெளித்தண்டினுள் புகுந்திருப்பதும் கவனிக்கத்தக்கவை.

இரு சக்கர டிரெயிலருக்கு மூன்று இணைப்பு வேண்டா, இழுகட்டையே போதும். டிரெயிலரின் சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து, அதன் முன்முனையை ஜாக்கியிலோ மரக்கட்டையிலோ நிறுத்துக. ஆள் தூக்கிப் பிடித்தல் கூடாது. முளையை மேலிருந்து கீழாகச் செருகி அடியில் கடையாணி இடுக. சிக்கிய வண்டியை இழுக்கும்போதும் சங்கிலியை இழுகட்டையிலன்றி மேல் தண்டு மாட்டும் இடத்தில் கட்டுவது பெருந்தவறு. இழுப்பு பின் அச்சுக்கு மேலே அமைந்தால் முன்சக்கரங்கள் எழும். ஓரிரு நொடிகளில் டிராக்டர் பின்னோக்கிக் கவிழ்ந்துவிடும்.

கழற்றும்போது வரிசை தலைகீழாகும். கருவியைச் சமதரையில் இறக்கி, அதற்குரிய தாங்கியையோ கட்டையையோ வைத்து, என்ஜினை நிறுத்திய பின், பி.டி.ஓ. தண்டு இருப்பின் அதனை முதலிலும், பிறகு மேல் தண்டு, வலக்கரம், இடக்கரம் என்றும் கழற்றுக. மேல் தண்டின் முளை வெளிவராமல் இறுகி நின்றால் சுத்தியலால் அடிக்க வேண்டா. தண்டை அரைச் சுற்றுத் திருகினால் பாரம் நீங்கித் தானே தளரும். கழற்றிய முளைகளையும் கடையாணிகளையும் அவ்வத் துளைகளிலேயே திரும்பச் செருகி வைத்தால், மறுநாட் காலையில் அவற்றுக்குப் பதிலாக வளைந்த ஆணியைத் தேட நேராது.