நினைவகப் பூட்டல்

நினைவகப் பூட்டல் என்பது, ஒரு நிரலின் நினைவகப் பக்கங்களை இயக்கு தளம் வட்டுக்கு மாற்றாமல் முதன்மை நினைவகத்திலேயே வைத்திருக்கும் முறையாகும். ஒலி, நிகழ்படம் போன்ற நேரக்கெடு உள்ள பல்லூடகச் செயலிகளுக்கு இது தேவைப்படுகிறது.

மெய்நிகர் நினைவகத்தில், நிரல் கேட்கும் பக்கம் முதன்மை நினைவகத்தில் இல்லாதபோது பக்கப் பிழை ஏற்படுகிறது. அப்பக்கம் வட்டிலிருந்து வந்து சேரும்வரை நிரல் காத்திருக்க வேண்டும். நொடிக்கு 48,000 மாதிரிகள் கொண்ட ஒலியில், 256 மாதிரிகளுள்ள இடையகம் சுமார் 5.3 மில்லிநொடியில் தீர்ந்துவிடும். சுழலும் வன்தட்டில் ஒரு பக்கத்தைப் படிக்கவே 10 மில்லிநொடி வரை ஆகலாம். எனவே ஒரேயொரு பக்கப் பிழைகூட ஒலியை இடையில் அறுத்துவிடக்கூடும்.

பாசிக்சு தரத்தில் இதற்கென எம்லாக், எம்லாக்ஆல் ஆகிய அழைப்புகள் உள்ளன. பூட்டிய இடத்தை மற்ற நிரல்களுக்கு ஒதுக்க முடியாது என்பதால், சாதாரணப் பயனர் பூட்டக்கூடிய அளவுக்கு லினக்சு வரம்பு விதிக்கிறது.