தலைக்கு 109 ரூபாய்

மலையும் வாக்கும் – 9

தோட்டத் தொழிலாளரின் 1,350 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் ஏறிய கதையோடு போன வாரம் நின்றோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் ஏழு பேர்ச்சஸ் காணியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஓர் இலக்கம் கையில் சிக்கிவிட்டது. அதைச் சொல்லாமல் காணிக்குப் போக மனம் வரவில்லை.

அந்த இலக்கம் 109.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தபின் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தல், 2024 செப்டம்பர் 21ஆம் திகதி நடந்தது. வேட்பாளர் ஒருவர் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று தேர்தல்கள் ஆணைக்குழு வரம்பு போட்டது. பதிவு செய்த வாக்காளர்கள் 1 கோடியே 71 லட்சத்து 40 ஆயிரத்து 354 பேர். பெருக்கிப் பாருங்கள்: 186 கோடியே 82 லட்சத்து 98 ஆயிரத்து 586 ரூபாய். இது ஒரே ஒரு வேட்பாளருக்கான உச்சவரம்பு. வாக்குச்சீட்டில் இருந்த பெயர்கள் 39. அவர்களில் ஒருவர் வாக்களிப்புக்கு முன்பே காலமாகிவிட்டார்.

இதைத் தோட்டக் கணக்கில் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு வேட்பாளரின் வரம்பை 1,350ஆல் வகுத்தால் 13 லட்சத்து 83 ஆயிரத்துச் சொச்சம் பேர் வரும். பேர் என்றால் என்னவென்று மலையகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை; கொழும்பு வாசகர்களுக்காக: ஒரு முழு நாள் வேலை செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) விழுவதுதான் பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். நுவரெலியா மாவட்டத்தை மட்டும் எடுத்தால் 6,05,292 வாக்காளர்கள். அவர்களுக்காக ஒரு வேட்பாளர் ஆறரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தப் பணத்தில் எங்களிடம் என்ன பேசினார்கள்?

அந்த செப்டம்பரில் நல்லதண்ணியில் இருந்தேன். சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிந்துவிடும். செப்டம்பரில் யாத்திரிகர்கள் கிடையாது, பாதிக் கடைகளுக்குப் பலகை போட்டிருந்தது. மஸ்கெலியா பாதையில் ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டி ஏறி வந்தபோது கேட்பதற்கு இருந்தவர்கள் தோட்டத்து ஆட்கள் மட்டும்தான். மழை பெய்து ஓய்ந்த நேரம். கொழுந்து மடுவத்தில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. ஓர் அக்காவின் சாக்கைத் தராசில் மாட்டினார்கள். முள் நின்ற இடத்தில் இருந்து சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழித்துத் துண்டில் எழுதினார்கள். ஒலிபெருக்கி, இன்னார் வந்தால் நாட்டில் மறுபடியும் கியூதான், எரிவாயு இருக்காது, எண்ணெய் இருக்காது என்று முழங்கிக்கொண்டு போனது.

"நம்ம வீட்டுல வெறகடுப்புதானே தம்பி. இந்தத் தண்ணிக் கழிவப் பத்தி யாராவது பேசுனா வந்து சொல்லு," என்றார் அவர்.

பேருக்கான அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபாய் என்பது 2024இன் ஏற்பாடு. இரண்டு கிலோ என்றால் 100 ரூபாய். அந்த அக்காவின் வாக்கைக் கேட்க ஒரு வேட்பாளருக்கு அனுமதித்த தொகையும் ஒரு மழை நாளில் அவரிடம் கழித்த தொகையும் ஏறக்குறைய ஒன்று. இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத கணக்கு இதுதான்.

கியூ பற்றிய பயம் பொய்யல்ல. 2022ஐ யாரும் மறக்கவில்லை. அந்தத் தேர்தலில் ரணில் விக்கிரமசிங்கவின் சின்னமே எரிவாயு சிலிண்டர். ஆனால் தோட்டத்தை அதைவிடக் கடுமையாக அடித்தது 2021இல் கோட்டாபய அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததுதான். உரமில்லாமல் கொழுந்து குறைந்தது. கொழுந்து குறைந்ததால் பேர் அரைப்பேரானது. இனி அப்படி ஒரு முடிவை ஒரே இரவில் எவரும் எடுக்காதிருக்க என்ன ஏற்பாடு என்று எந்த ஒலிபெருக்கியும் எங்கள் பாதையில் சொல்லக் கேட்கவில்லை.

பயத்தைக் காட்டி வாக்குக் கேட்பது நம் நாட்டுக் கண்டுபிடிப்பு அல்ல. 1964 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜோன்சன் தரப்பு ஒரு விளம்பரம் செய்தது. பூவிதழைப் பிய்த்து எண்ணும் சிறுமி, பிறகு அணுகுண்டு வெடிப்பு. எதிராளி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் ஓரிடத்திலும் வராது. கட்டணம் செலுத்தி ஒரே ஒரு தடவைதான் ஒளிபரப்பினார்கள். அறுபது வருடமாக உலகம் அதைப் பேசுகிறது. அதே தேர்தலில் கோல்ட்வாட்டர் முன்வைத்த கொள்கைகளை எத்தனை பேர் பேசுகிறார்கள்?

பயம் இருக்கட்டும், அவதூறுக்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டப்படி, வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய்யான கூற்றை வெளியிடுவது ஊழல் செயல். ஆனால் தேர்தலைச் சட்டத்தால் கேள்வி கேட்கும் வழி எவ்வளவு நீளமானது என்பதற்கு 1988 தேர்தலே சாட்சி. பிரேமதாசவின் வெற்றியை எதிர்த்து சிறிமாவோ பண்டாரநாயக்க உயர் நீதிமன்றம் போனார். மனு 1992இல்தான் தள்ளுபடியானது. பிரசார மேடையில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும் பொய்க்கு அவ்வளவு காலம் யாரால் காத்திருக்க முடியும்?

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எதிராளியின் பழைய கணக்கைக் கேட்பதெல்லாம் சேறு பூசுவது ஆகாது. அநுர குமார திசாநாயக்கவுக்கு எதிராக மலையகத்தில் பேசியவர்கள் அவரது கட்சியை நிறுவிய ரோகண விஜேவீரவின் ஐந்து வகுப்புகளை இழுத்தார்கள். அவற்றில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தொழிலாளரை அதன் கருவியாகப் பார்த்த வகுப்பு. எங்கள் பாட்டன்மார் மீது வைத்த அந்தச் சந்தேகத்தைப் பற்றிக் கேட்க எங்களுக்கு முழு உரிமை உண்டு. அநுர தரப்பு 2023 ஒக்டோபரில் ஹற்றன் பிரகடனம் என்று ஓர் ஆவணத்தை வெளியிட்டு மலையக மக்களின் உரிமைகள் பற்றி எழுத்தில் பேசியது. அந்த வகுப்பையும் இந்தப் பிரகடனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு லயத்து முற்றத்தில் வாசித்துக் காட்டியிருந்தால் அது உண்மையான பிரசாரம். ஒரு தரப்பு பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. மறு தரப்பு மாற்றம் என்ற ஒரு சொல்லோடு நகர்ந்துவிட்டது. நுவரெலியா மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலிடம், ரணில் இரண்டாமிடம். நாடு தெரிந்தெடுத்த அநுர மூன்றாமிடம். கட்சி விசுவாசம் அதில் எவ்வளவு, பயம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதாக யார் வந்தாலும் நான் நம்பமாட்டேன்.

தேர்தல் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர்கள் செலவு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதும் 109 ரூபாய் வரம்புக்கு வழிவிட்ட அதே செலவினச் சட்டம்தான். காசு எதற்குப் போனது என்பது அங்கே பதிவாகும். அந்தக் காசில் என்ன பேசினார்கள் என்பதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். உங்கள் தோட்டத்துக்கு வந்த ஒலிபெருக்கி என்ன சொன்னது, எதைச் சொல்லவில்லை என்று ஆசிரியருக்கு எழுதுங்கள். 2029க்கு முன் நமக்கு அது வேண்டும்.

காணி அடுத்த வாரம். 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் நரேந்திர மோடி அறிவித்த பத்தாயிரம் வீடுகளிலிருந்து தொடங்குவோம். வீடு கட்டிக் கொடுத்தால் அடியில் உள்ள நிலத்தின் உறுதி யார் பெயரில் என்ற கேள்வி அங்கேதான் இருக்கிறது.