பென்குவின் தேசம் – 12: ஸ்டீம் கேட்டவருக்குத் திரை போனது

2021 நவம்பரில் கனடாவின் லைனஸ் செபாஸ்டியன் யூடியூபில் ஒரு சவாலைத் தொடங்கினார். கணினி வன்பொருளைப் பற்றிப் பேசியே கோடிக்கு மேல் சந்தாதாரர்களைச் சேர்த்தவர் அவர். விண்டோஸை ஒதுக்கிவிட்டு, வீட்டில் லினக்ஸிலேயே கேம் ஆடிப் பார்ப்பது என்று முடிவு. பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையை நிறுவினார். கேம்களுக்கான ஸ்டீமை அதன் மென்பொருள் கடையில் தேடிச் சொடுக்கினார். நிறுவ முடியவில்லை என்றது. டெர்மினலைத் திறந்து, மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் கட்டளையைக் கொடுத்தார். ஓடிய நீளமான பட்டியலுக்குக் கீழே ஓர் எச்சரிக்கை: இன்றியமையாத பேக்கேஜ்கள் நீக்கப்படும், தொடர வேண்டுமானால் ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே!’ என்று தட்டச்சு செய்யவும். செய்தார். டெஸ்க்டாப்பே கழன்று போனது. மறுபடி இயக்கியபோது எழுத்துகள் மட்டுமே வந்தன.

ஸ்டீமைக் கேட்டவரின் டெஸ்க்டாப்பை ஆப்ட் ஏன் பிடுங்கியது?

பாப் ஓஎஸ் போன்ற, டெபியன் வழிவந்த லினக்ஸில் ஒவ்வொரு பேக்கேஜும், அதாவது மென்பொருள் பொதியும், தனக்கு எவை வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும், எதனோடு ஒத்துப்போகாது என்று எழுதிவைத்துக்கொண்டுதான் வருகிறது. அந்த நிபந்தனைகள் எல்லாம் ஒருசேர நிறைவேறும் வழியைத் தேடுவது ஆப்டின் வேலை. ஸ்டீம் அப்போது 32 பிட் நிரல். கணினியோ 64 பிட். அதனால் சில லைப்ரரிகள் இரண்டு வடிவிலும் தேவை. அப்படி அருகருகே இருக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஆனால் புதுப்பிக்கப்பட்ட ஒரு பேக்கேஜின் 32 பிட் வடிவம் களஞ்சியத்துக்கு வந்து சேரவில்லை என்று பாப் ஓஎஸ்ஸை உருவாக்கும் சிஸ்டம்76 பின்னர் விளக்கியது. ஸ்டீம் உள்ளே வர அந்தப் பேக்கேஜின் புதிய 64 பிட் வடிவம் வெளியேற வேண்டும். அதை நம்பியிருந்த டெஸ்க்டாப்பும் கூடவே போக வேண்டும். ஆப்ட் கணக்கைச் சரியாகத்தான் போட்டது.

எச்சரிக்கையைப் படிக்கவில்லை என்று செபாஸ்டியனைப் பலரும் திட்டினார்கள். அது நியாயமே இல்லை. கடையில் முடியாவிட்டால் டெர்மினலில் இந்த வரியைப் போடு என்றுதான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. ஆப்டை உருவாக்குபவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். அதே மாதம் வெளியான ஆப்ட் 2.3.12, இன்றியமையாத பேக்கேஜ்களை நீக்கித் தீர்வு தேடும் பழக்கத்தை விட்டுவிட்டது.

ஆனாலும் பேக்கேஜ்கள் ஒன்றையொன்று நம்பியிருப்பதால் வரும் சார்புச் சிக்கல்கள் ஓயவில்லை. மாட்டிக்கொண்டவர் முதலில் ‘ஆப்ட்-கெட்’ கட்டளையோடு ‘-எஸ்’ சேர்த்து ஒத்திகை பார்க்கலாம். எதையும் தொடாமல், எவை வரும், எவை போகும் என்று மட்டும் அது காட்டும். போகிறவற்றின் பட்டியலை முதலில் படிக்க வேண்டும். அடுத்தது ‘ஆப்ட்-கேச் பாலிசி’: பேக்கேஜின் எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்று சொல்லும். பெரும்பாலும் அங்கேயே குட்டு வெளிப்படும். எப்போதோ சேர்த்து மறந்த வெளியார் களஞ்சியமாக இருக்கும். அல்லது டெபியன் 12 ஓடும் கணினியின் களஞ்சியப் பட்டியலில் 13-க்கான வரி ஒன்று கிடக்கும். ஆப்டுக்கு அடியில் இயங்கும் டிபிகேஜியின் ‘ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்’ மட்டும் வேண்டாம். அப்போதைக்கு வேலை முடிந்தது போலிருக்கும். அடுத்து எதை நிறுவப் போனாலும், முதலில் இதைச் சரிசெய் என்று ஆப்ட் நின்றுவிடும்.

தவறே செய்யாதவருக்கும் சிக்கல் வரும். 32 பிட் கடிகாரக் கணக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதி நிரம்பிவிடும் என்பதால், 2024-இல் டெபியன் ஏராளமான லைப்ரரிகளை மறுபடி தொகுத்தது. பல பேக்கேஜ்களின் பெயரே மாறியது. ‘லிப்எஸ்எஸ்எல்3’ என்பது ‘லிப்எஸ்எஸ்எல்3டி64’ ஆயிற்று. புதுப் பேக்கேஜ்கள் முதலில் வந்து சேரும் அன்ஸ்டேபிள் கிளையில் பழைய பெயரும் புதிய பெயரும் மோதிக்கொண்டிருந்த அந்த வாரங்களில், காத்திருப்பதுதான் சரியான வைத்தியம். ‘ஆப்ட் அப்கிரேட்’ நிறுவியிருப்பவற்றை நீக்காது. முடியாததை அப்படியே விட்டுவைக்கும். ‘ஃபுல்-அப்கிரேட்’ தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். இரண்டாவதைக் கொடுத்து, பட்டியலைப் பார்க்காமல் ஒய் தட்டியவர்களுக்குத்தான் ஆபத்து.

(தொடரும்)