கடலோரத்துல ஒரு பாலைவனம்

போன எபிசோட்ல ஆஸ்திரேலியாவோட கூபர் பீடி பத்திப் பேசினோம். ஓப்பல் கல் தோண்டுற பாலைவன ஊர். வெயில் தாங்காம நிறைய பேர் பூமிக்கு அடியிலேயே வீடு குடைஞ்சு வாழுறாங்க. "நம்ம பக்கம் இப்படி எதுவும் இல்லையா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. இருக்கு. ஈசிஆர்ல பாண்டிச்சேரி போனவங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. மரக்காணம், கூனிமேடு பக்கம் வெள்ளை வெள்ளையா குவிச்சு வச்சிருப்பாங்களே, அந்த உப்பளம்தான். வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பினதுல நானும் ஒருத்தன்.

உப்பு எப்படி வருதுன்னு முதல்ல பார்த்துடலாம். உவர்நீரைப் பாத்தி பாத்தியா மாத்திக்கிட்டே போவாங்க. வெயிலும் காத்தும் தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச, அடர்த்தி ஏறும். அதை அளக்கிறது போமே டிகிரியில. கடல் தண்ணி சுமார் 3 டிகிரி. 25-ஐத் தொடும்போதுதான் சாப்பாட்டு உப்பு படிய ஆரம்பிக்கும். 29 தாண்ட விட்டா மெக்னீசியம் உப்பும் கலந்து கசக்கும். அதுக்குள்ள மிச்சத் தண்ணியை வெளியேத்திடணும்.

நம்ம டேட்டா பைப்லைன் மாதிரிதான். ஆனா இதுக்குக் கரண்ட் வெயில்தான். மேகம் வந்தா ஆளுக்கு நிம்மதி, உப்புக்கு நஷ்டம். நிழலுக்கு மரம் வைக்கலாம்னா அந்த உவர் மண்ணுல வளராது. கூபர் பீடி மாதிரி குடைஞ்சு உள்ள போகவும் முடியாது, கொஞ்சம் தோண்டினாலே உப்புத் தண்ணி ஊறிடும். சுத்தி அவ்வளவு தண்ணி இருந்தும், குடிக்கிற தண்ணியை வீட்டுலேருந்து தூக்கிட்டு வரணும்.

அந்தத் தண்ணியையும் பெண்கள் முழுசாக் குடிக்கிறதில்லை. காரணம் கழிப்பறை. பல உப்பளங்கள்ல அந்த வசதி கிடையாது. வெட்டவெளியில மறைவும் கிடையாது. அதனால தாகத்தை அடக்கிக்கிறாங்க, உச்சி வெயில்ல, தலையில உப்புச் சுமையோட. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2017-லேருந்து 2020 வரைக்கும் தமிழ்நாட்டுல 7 உப்பளங்கள்ல 352 தொழிலாளர்களைப் பரிசோதிச்சாங்க. சுமார் 90 சதவீதம் பேர் வேலை செஞ்சது பாதுகாப்பு வரம்பைத் தாண்டின வெப்பத்துல. 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தோட செயல்திறன் குறைஞ்சிருந்தது. "நிறைய தண்ணி குடிங்க"ன்னு நாம ஏசி ரூம்லேருந்து சொல்லிடலாம். குடிச்சா எங்க போறது?

வெயில் விட்டா மழை. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் பாத்தி முழுக்க மழைத்தண்ணி நிக்கும், உப்பு வேலை கிடையாது. இந்த மாசங்களைச் சமாளிக்க ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிற திட்டத்தை 2022-ல தமிழக அரசு தொடங்கிச்சு. நல்ல விஷயம்தான். ஆனா 3 மாசத்துக்குப் பிரிச்சா ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு 54 ரூபாய் சொச்சம். நம்ம ஆளுங்க ஒரு ஃபில்டர் காபிக்குக் கொடுக்கிற காசு.

மழை ஓய்ஞ்சதும் ஜனவரி வாக்குல தண்ணியை வடிச்சு, சேறு மிதிச்சு, வரப்பு கட்டி, பாத்தியைத் திரும்ப முதல்லேருந்து தயார் பண்ணணும். அதுல முதல் உப்பு வாரவே சில வாரம் ஆகும்.