போர் விமானத்தின் மின்சார வினைஞர்

வானத்திற் பாய்ந்து செல்லும் போர் விமானத்தைக் காண்போர் அதைச் செலுத்துவோனின் திறமையை வியத்தல் இயல்பே. ஆனால், அவ்விமானம் தரையை விட்டு எழும்புமுன் பல மணி நேரம் அதனைச் சோதித்துச் சீர்ப்படுத்தும் வினைஞர்களை நினைப்பவர் சிலரே. அவர்களுள் மின்சாரப் பகுதியைக் காப்பவரது தொழிலை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விமானத்தின் எஞ்சின் சுழலுங்கால் அதனோடு இணைந்த ஜெனரேட்டரும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்குகின்றது. பெரும்பாலான போர் விமானங்களில் இது 115 வோல்ட்டு அழுத்தமும், வினாடிக்கு 400 சுழற்சியும் உடைய மாறுதிசை மின்னோட்டமாகும். நம் வீடுகளில் வழங்குவதோ 50 சுழற்சியே. சுழற்சி மிகுந்தால் மோட்டார்களுக்கும் டிரான்ஸ்பார்மர்களுக்கும் வேண்டிய இரும்பு குறையும், பாரமுங் குறையும். இதனுடன் 28 வோல்ட்டு நேர்மின்னோட்டமும் பாட்டரியும் உண்டு.

அமெரிக்க விமானப் படையில் இத்தொழிலை மேற்கொள்வோர் டெக்ஸாஸ் மாகாணத்திலுள்ள ஷெப்பர்டு தளத்திற் பயில்கின்றனர். மின்சாரத்தோடு, விமானி அறையின் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒழுங்குபடுத்தும் அமைப்புகளையும் அவர்கள் கற்கின்றனர். வேலை தொடங்குமுன் மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றைக் கழற்றிவிட்டு, மின்சாரத் தொடர்பைத் துண்டிக்கின்றனர். பின்னர்க் கம்பிப் படத்தைக் கையிற் கொண்டு, பழுது எங்குள்ளதென மீட்டரால் அளந்து காண்கின்றனர். ஓயாத அதிர்ச்சியால் கம்பியின் மேலுறை உராய்ந்து தேய்தலும், இணைப்புகள் தளர்தலும், ஈரம் உட்புகுதலும் அவர்கள் அடிக்கடி காணும் குறைகளாம். வேலை முடிந்ததும் செய்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுதல் வேண்டும். அக்கையொப்பத்தை நம்பியே விமானி புறப்படுகின்றான்.

எழுதிவைத்தல் இத்தொழிலில் எத்துணை இன்றியமையாதது என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியால் விளக்குவோம். 2008-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ம் தேதி, பசிபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவில், அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று எழும்பிய உடனே வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த இருவரும் வெளியே பாய்ந்து உயிர் தப்பினர். காற்றின் அழுத்தத்தை அளக்கும் 24 கருவிகளுள் மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. அதனை அறியாமல் அவற்றின் அளவுகளைத் திருத்தியமைத்தனர். விமானத்தின் கணிப்பொறிகள் பொய்யான வேகத்தையும் கோணத்தையும் மெய்யெனக் கொண்டு, விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டன.

அளவு திருத்துமுன் அக்கருவிகளை மின்சாரத்தாற் சூடேற்றினால் ஈரம் உலர்ந்துவிடும் என்பது, 2006-ம் வருஷத்திலேயே அத்தீவிற் பணி செய்த சில வினைஞர்க்குத் தெரிந்திருந்தது. ஆயினும் அம்முறை விதியாக எழுதப்பெறவில்லை. அறிந்தவர் சிலரோடு அது நின்றுவிட்டது. பின்னர் வந்தோர் பலர் அதனை அறியார். நூறு கோடி டாலருக்கு மேல் விலையுள்ள விமானம் இங்ஙனம் அழிந்தது.

நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குறிப்பேடு எழுதுவதை வீண் தொல்லையென எண்ணும் மாணவ நண்பர்கள் இதனைச் சிந்திப்பாராக. நாம் கண்டறிந்தது சிறிதேயாயினும், நமக்குப் பின் அவ்விடத்தில் நிற்பவருக்கு உதவுமாறு அதனை அன்றே எழுதிவைத்தல் நம் கடனாம்.