மஞ்சளாகும் நாளிதழ்

மாணவர்களே, தாத்தா வீட்டு அலமாரியில் பழைய ‘தமிழ் நேசன்’ இருக்கிறதா? 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய அந்த நாளிதழ், வாசகர்களும் விளம்பரங்களும் இணையத்துக்கு நகர்ந்த காலத்தில், 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது. இனிப் புதுப் பிரதி கிடையாது. இருப்பவையோ மஞ்சளாகி நொறுங்குகின்றன.

காரணம் லிக்னின். மரத்துக்கு உறுதி தரும் பொருள் இது. நல்ல எழுதுதாளில் இதைப் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். மலிவான செய்தித்தாளில் தங்கிவிடும். ஒளியும் ஆக்சிஜனும் பட்டால் மஞ்சள் நிறச் சேர்மங்களாக மாறும். தாளில் சேரும் அமிலம் செல்லுலோஸ் இழைகளையும் அறுக்கும்.

இன்றைய நாளிதழ்மீது 50 சென் நாணயம் ஒன்றை வைத்துச் சில நாள் வெயிலில் விடுங்கள். நாணயம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியும்.

பழைய பிரதியை லேமினேட் செய்யாதீர்கள். நான் ஒன்றை அப்படித்தான் கெடுத்தேன், பிரிக்கவே முடியவில்லை. படம் எடுத்துக்கொண்டு, ஈரமில்லாத இருட்டான இடத்தில் வையுங்கள்.