ஜாவா இருக்கு, ஆனா இல்லை!

லிப்ரே ஆபீஸில் லெட்டர் அடிக்க ஜாவா வேண்டியதில்லை. தகராறு பண்ணுகிற பேர்வழி ‘பேஸ்’ எனும் டேட்டாபேஸ் பகுதிதான். அதில் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் எச்.எஸ்.க்யூ.எல்.டி.பி. எஞ்சின் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா கிடைக்காவிட்டால், டேபிளைத் தொட்டதுமே கையை விரித்துவிடும்.

எங்கள் அபார்ட்மென்ட் பொருளாளருக்கு இதே கதி. 11 வருஷ மெயின்டனன்ஸ் கணக்கு பூரா அதற்குள்ளே. மறுநாள் பொதுக்குழு! “ஜாவாதான் போட்டிருக்கேனே சார், அப்புறம் ஏன் இல்லேங்குது?” என்றார் அழாத குறையாக.

போட்டிருந்தார்தான்... 32 பிட். ஆபீஸோ 64 பிட். ஜாதகப் பொருத்தமே இல்லை! இரண்டும் ஒரே பிட்டாக இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று ஏறிட்டும் பார்க்காது.

டெமுரின் என்கிற ஓபன் ஜே.டி.கே. வெளியீடு இலவசம். அதில் 64 பிட்டை இறக்கினோம். பிறகு டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபீஸ், அட்வான்ஸ்ட். ‘யூஸ் எ ஜாவா ரன்டைம் என்விரான்மென்ட்’டில் ஒரு டிக். கம்ப்யூட்டரில் இருக்கிற ஜாவாக்கள் கீழே வரிசை கட்டும், கொஞ்சம் பொறுக்கணும். வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் காணோமா? ‘ஆட்’ அமுக்கி ஃபோல்டரைக் காட்டுங்கள். ஆபீஸை மூடித் திறந்தால்தான் இதெல்லாம் பலிக்கும் (பலபேர் கோட்டை விடுவது இங்கேதான்).

கணக்கு திறந்தது. பாக்கிதாரர் பட்டியலில் முதல் பெயர், சங்கச் செயலாளர்!